பெட்டி இல்லாத உறுமல்

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரி வந்து நிற்க வேண்டாம். ஓரகத்திகளுக்குள் பொறாமை என்றால் உடனே நகை, துணிமணி, மாமியார் யார் பக்கம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். நகையாவது மண்ணாவது! எங்களுக்குள் இருந்த வழக்கு ஒரு சத்தத்தைப் பற்றியது. எலெக்ட்ரிக் கிடாரில் ஒரு உறுமல் கேட்குமே, அந்தச் சத்தம்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வந்து மாட்டிக்கொண்டவர்கள். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். பகலெல்லாம் "பிரேக்! பிரேக்குன்னு சொல்றேன்ல!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, சனிக்கிழமை வந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் இசைக்குழுவோடு கிளம்பிவிடுவேன். என் விரலில் பெரிய வேகம் கிடையாது. அவர்கள் என்னை வைத்துக்கொண்டிருந்தது என் சத்தத்துக்காக. என்னிடம் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, பெட்டி என்றுதான் சொல்வோம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். கிடாரிலிருந்து வருகிற சின்னச் சத்தத்தை அதற்குள் தாங்க முடியாத அளவுக்குத் திணித்தால், அது ஓரங்களில் உடைந்து உறுமும். டிஸ்டார்ஷன் என்பது அதுதான். உள்ளதைச் சொன்னால், கெட்டுப்போன சத்தம். ஆனால் அழகாகக் கெட வேண்டும், அங்கேதான் எல்லாரும் கவிழ்வார்கள். "டீச்சர் வாசிச்சா தரை பேசும்" என்பார் எங்கள் டிரம்ஸ்காரர். அவருக்குப் பட்டப்பெயர் இடி. குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

சின்னவளுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அவளுக்கு வேலை காது மெஷின் கடையில். வயதானவர்கள் வந்து உட்காருவார்கள். மெஷினைக் காதில் மாட்டிக் கணினியோடு சேர்த்துவிட்டு, "என்ன குறைன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்பாள். ஒருவர் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார். ஒருவர் எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்கள் என்பார். இன்னொருவர், மருமகள் குரல் மட்டும் எதற்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று எரிந்து விழுவார். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு, எந்த ஒலியைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று தட்டிக்கொண்டிருப்பாள். யார் எவ்வளவு திட்டினாலும் முகம் மாறாது. திட்டுவதில் எங்கே தகவல் இருக்கிறது என்றுதான் பார்ப்பாள். ஒரு நாள் அவளை அழைத்து வரப் போனபோது இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன்.

அவள் அம்மாவுக்குக் காது மந்தம். எதையும் இரண்டு தடவை சொல்லி வளர்ந்த பெண். அதனால்தானோ என்னவோ, பேசுவதைவிடக் கேட்பதுதான் அவளுக்கு வசதி. மாடியில் துணி மடித்துக்கொண்டே, "அக்கா, ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடல, சத்தம் வேற மாதிரி வருது" என்பாள். போய்ப் பார்த்தால் ஒரு விரல் அளவு திறந்திருக்கும். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அந்த வீட்டில் காது என்று ஒன்று வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெட்டியை வீட்டில் போட்டால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். "வீட்டுக்குள்ள லாரி ஏதும் வந்துடுச்சா?" என்பார் மாமியார். அதனால் அது எப்போதும் நடையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் சின்னவள் கேட்டாள்.

"அக்கா, இந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சுட்டா, நீங்க வீட்டுல ஹெட்ஃபோன்லயே வாசிக்கலாமே?"

"அதெல்லாம் கடையில விக்கிறாங்க. கேட்டிருக்கேன். எல்லாம் பிளாஸ்டிக்."

"நான் செஞ்சு பாக்கட்டுமா?"

"செய்யேன், யாரு கையப் புடிச்சா?" என்றேன். அவளால் முடியாது என்ற தைரியத்தில் சொன்னதுதான்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவாள். புரோகிராம் எழுதுவாள், ஓட விடுவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள். கொழுந்தன் எதிரே உட்கார்ந்து தட்டைக் கழுவலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பான். இப்படியே சில மாதம் போயிற்று. ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, கிடாரை மாட்டிப் பாத்துக் குறை சொல்லுங்க."

கிடாரிலிருந்து ஒரு வயர் சின்ன டப்பா ஒன்றுக்கு, அதிலிருந்து கணினிக்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினேன். ஐயோ! ஈக்கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். என் வயிற்றில் பால் வார்த்தாள்.

"கிடாரா இது? ஈ மொய்க்குது! பெட்டின்னா வால்வு மட்டுந்தானா? ஸ்பீக்கர்னு ஒண்ணு இருக்கேம்மா, அதை யாரு செய்வா, உன் வீட்டுக்காரனா?"

"ம்" என்றாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கண்ணில் ஒரு பளிச். வால்வு எப்படி உடைக்கும் என்று கணக்குப் போட்டவள், அந்த உடைந்த சத்தத்தின் இரைச்சலையெல்லாம் விழுங்கிக்கொண்டு நல்லதை மட்டும் வெளியே விடுவது ஸ்பீக்கர் என்பதை மறந்துபோயிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பெரியவளே, சின்னவ இன்னிக்கு உன் பெட்டி முன்னாடி மைக்க வெச்சு என்னமோ பண்ணா. ஊன்னு அடியிலேருந்து ஏறி ஏறி விசில் மாதிரி முடிஞ்சுது. ஆம்புலன்ஸ் வந்துடுச்சுன்னு நான் தெருவுக்கு ஓடினேன்."

எனக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டு அதைத் தொட்டே?"

"நீங்கதானேக்கா ஸ்பீக்கர் இல்லைன்னீங்க? கீழேருந்து மேல வரைக்கும் எல்லாச் சத்தத்தையும் அதுக்குள்ள அனுப்பி, அது எதை முழுங்குது, எதை விடுதுன்னு எடுத்துக்கிட்டேன். பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. போர்வையக்கூட மடிச்சுப் போட்டுட்டேன்."

மாட்டிப் பார்த்தேன். ஈ ஒன்றுகூட இல்லை. என் பெட்டியின் தொண்டை அப்படியே அவள் கணினிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. "பரவால்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். வயிறு எரிந்தது. மாமியாருக்கும் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள், என் பழைய பதிவு ஒன்றை அதன் வழியே ஓட விட்டு. இத்தனை வருஷம் என் வாசிப்பை லாரி என்று சொன்ன மனுஷி, தலையை ஆட்டிக்கொண்டே, "அட, கேக்க நல்லாத்தான் இருக்கு. சின்னவ கெட்டிக்காரிதான்" என்கிறார். வாசித்தது யார்? நான்! கொழுந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணி காதுல புகை வருது. ஏய், உன் கடைக்குக் கூட்டிட்டுப் போய் என்னன்னு பாரு." நானும் சிரித்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்து இடி ஒரு செய்தி கொண்டுவந்தார். ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் வாராவாரம் சனிக்கிழமை எங்கள் குழு வாசிக்கலாம். எத்தனையோ வருஷமாக நாங்கள் ஏங்கியது. ஆனால் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மேடையில் பெட்டி வைத்து முழங்கக் கூடாது, கிடார் வயர் நேராக ஹால் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும்.

"டீச்சர், உங்க வீட்டுலயே ஏதோ சாஃப்ட்வேர் ரெடியாகுதாமே? உங்க வீட்டுக்காரர் சொன்னாரு" என்றார் இடி.

என் வீட்டுக்காரர் வாயில் ஒரு ரகசியம் நிற்காது. குழு மொத்தமும் என்னைப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பெட்டி வர்ற இடத்துக்குத்தான் நான் வருவேன். அவ செஞ்சதுல நான் வாசிக்கவே மாட்டேன். அது மட்டும் நடக்காது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மென்று விழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இடி தலையைச் சொறிந்தார். "அப்ப டாக்டரைத்தான் கூப்பிடணும்."

டாக்டர் என்றால் பல் டாக்டர். நல்ல வேகமான கை, விலை கூடின கிடார். ஆனால் அவர் சத்தத்தைக் கேட்டால், நாம் அவர் கிளினிக்கில் பல்லைக் குடைய வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சின்னவள் செய்த சாஃப்ட்வேர் அரைகுறையாக இருந்தால் டாக்டர் அதில் வாசித்து மானம் கெடுவார். மேனேஜரே இறங்கி வருவார், இடி என் வீட்டு வாசலில் வந்து நிற்பார், பெட்டியும் நானும் போய் மேடையில் உட்காருவோம். சாஃப்ட்வேர் நன்றாக வந்துவிட்டால் என் இடம் போச்சு. ஆக, நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதுதான். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.

என்னால் முடியவில்லை. மறு வாரமே சின்னவள், "ஒரே ஒரு நிமிஷம்கா" என்று கிடாரைக் கையில் கொடுத்தாள். உச்சியில் ஒரு தந்தியை வளைத்து இழுத்தேன். நான் மேலே போகப் போகப் பின்னால் வேறொரு சத்தம் கீழே இறங்கியது.

"யார்றி அது? நான் மேல போறேன், எவனோ கீழ போறான்! பேய் பிடிச்சிருக்கு உன் சாஃப்ட்வேருக்கு!"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொல்லியாயிற்று. அவளுக்குத் தந்தியை வளைக்கத் தெரியாது, அதனால் அந்தப் பேய் அவள் கண்ணில் பட்டதே இல்லை. துள்ளி எழுந்தாள். சத்தத்தை உடைக்கும்போது கணினி எண்ணக்கூடிய அளவைத் தாண்டி உயரமான சத்தங்களும் பிறக்குமாம். அவற்றுக்குப் போக இடமில்லாமல் மடங்கிக் கீழே விழுமாம். சத்தத்தை இன்னும் பல மடங்கு பொடியாக வெட்டி எண்ண வைத்தால் அடங்கிவிடும் என்றாள். வைத்தாள். கணினியின் விசிறி இரைந்துகொண்டு ஓடியது. பேய் போய்விட்டது. "நீங்க இல்லைன்னா இது எனக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காதுக்கா" என்றாள். இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டுமா, முட்டிக்கொள்ள வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது ஒத்திகை. இடி வேலை பார்க்கிற கூரியர் கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று என் வீட்டுக்காரரோடு போனேன். சும்மா என்ன சும்மா, டாக்டர் கவிழ்வதைப் பார்க்கத்தான் போனேன். அவர் முதலில் தனியாக ஒரு தட்டுத் தட்டினார். அடியில் தேக்கு மாதிரி கனம், மேலே மினுமினுப்பு. எல்லாரும் "ஆகா" என்றார்கள். பிறகு டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்தன. டாக்டரைக் காணோம்! ஆள் இருக்கிறார், விரல் ஓடுகிறது, முகத்தை அஷ்டகோணலாக்கி ரசிக்கிறார், ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணினியோடு வந்திருந்த சின்னவளுக்குப் புரியவில்லை. கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாச்சுக்கா?" என்று என்னிடம் வந்தாள். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!

அத்தோடு விட்டிருக்கலாம். பேஸ்காரர் சும்மா இருக்காமல், "விடுங்க, ஹால்ல சரியாயிடும். தனியாக் கேட்டப்ப டீச்சர் பெட்டியவிட நல்லாவே இருந்துச்சு" என்றார்.

என் பெட்டியைவிடவா?

"என்னய்யா நல்லா இருந்துச்சு?" என்று எழுந்துவிட்டேன். "நடுவுல ஒண்ணுமே இல்ல! அடியும் மினுக்கும் வெச்சு அலங்காரம் பண்ணி வெச்சிருக்கா. அடிய உங்க பேஸ் தின்னுடுச்சு, மினுக்க டிரம்ஸோட சிம்பல் தின்னுடுச்சு. மிச்சம் என்ன இருக்கு, டாக்டரோட சட்டை மட்டும்தான். ஏண்டி, நீ காது மெஷின் கடையிலதானே வேலை பாக்கறே? மனுஷன் பேசறது எங்கே கேக்கும்னு உனக்குத் தெரியாது?"

சின்னவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க கடையில முதல்ல சொல்லித் தர்றதே அதான்கா. ஹெட்ஃபோன்ல தனியாக் கேட்டுக் கேட்டு ஏமாந்துட்டேன்." அங்கேயே நின்றுகொண்டு நடுவைத் தூக்கினாள். இப்போது தனியாகக் கேட்டால் ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. டிரம்ஸோடு சேர்ந்ததும் எழுந்து நின்றது. டாக்டர் குழந்தை மாதிரி சிரித்தார். இடி என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் என் வீட்டுக்காரர் கேட்டார். "உனக்கென்ன பைத்தியமா? அவங்க சொதப்பினாதானே உன்னைக் கூப்பிடுவாங்க?"

"தெரியும். வண்டிய ஓட்டுங்க."

"அதுக்கு நீயே அதுல வாசிச்சுட்டுப் போயேன். யாரு வேணாம்னா?"

"இண்டிகேட்டர் போடாம திரும்பாதீங்க!" என்றேன். அவர் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஹோட்டல் நாள் நெருங்கியது. சின்னவள் என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் ஒண்ணு குறையுதுக்கா. என்னன்னு பிடிபடல. டாக்டரைக் கேட்டா சூப்பர்ங்கறாரு. எல்லாருமே சூப்பர்ங்கறாங்க. உங்கள மாதிரி யாரும் திட்ட மாட்டேங்கறாங்க."

என்ன குறை என்று எனக்குத் தெரியும். என் பெட்டியில் ஓங்கி அடித்தால், அந்த முதல் அடியை அது தாங்காது. ஒரு கணம் பம்மும், பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு எழும்பும். வாசிக்கிறவர் கைக்கு அது பதில் சொல்கிற மாதிரி இருக்கும். அவள் சாஃப்ட்வேர் அடித்ததும் அப்படியே கல் மாதிரி நின்றது. கேட்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது தெரியாது, ஆனால் ஏதோ குறைகிறது என்று பத்துப் பேருக்கும் மனதில் படும்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"சரிக்கா" என்று எழுந்து போனாள். அப்பாடா, ஒரு வழியாக வாயை அடக்கிவிட்டேன் என்று இருந்தது.

மறு நாள் விடுமுறை. நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், மேஜையில் கணினியிலிருந்து என் பழைய பதிவின் சத்தம் வருகிறது. குறை எங்கே என்று தெரியாமல் அவள் கையில் கிடைத்ததையெல்லாம் திருகிக்கொண்டிருந்தாள். தூக்கிய நடுவை இறக்கினாள். அடியைக் கரைத்தாள். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாள். சரியாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டே வந்தது. நல்லதுதானே, கெட்டுப்போகட்டும் என்று கத்தியை அழுத்தினேன். ஆனால் அதில் பாதி என் சத்தம். அது என் கண் முன்னால் சாகிறது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"தொடாதே! கைய எடு! எல்லாத்தையும் பழைய இடத்துல வை. அது எதுலயும் தப்பு இல்ல. பெட்டி மூச்சு வாங்கும்டி! ஓங்கி அடிச்சா ஒரு நொடி பம்மி அப்புறம் எழும்பும். உன்னோடது மூச்சே விடாம செத்த பொணம் மாதிரி நிக்குது!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது, முந்தின நாளே இது எனக்குத் தெரியும் என்று. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஓங்கி அடிச்சா பெட்டிக்குள்ள கரண்ட் இறங்கி ஏறுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் அது மூச்சு விட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் நாலு தவணையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் மாமியார் அனுதாபப்படுவார், அதற்கு இது மேல். நடுவரிசையில் ஒரு மேஜை. என் வீட்டுக்காரர் மெனு கார்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மேடையில் இடி, பேஸ்காரர், பாடகர். நான் நிற்கிற இடத்தில் டாக்டர். ஓரத்தில் கணினியோடு சின்னவள். என் பெட்டி இல்லாத மேடை வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. டாக்டர் ஓங்கி அடித்தார். சத்தம் பம்மியது, மூச்சை இழுத்தது, எழும்பி ஹால் முழுக்க நின்றது.

இத்தனை வருஷம் நான் பெட்டிக்கு முன்னால் நின்று வாசித்தவள். அங்கே நிற்பவளுக்கு அது முழங்காலில் வந்து மோதும், காதில் பாதிதான் விழும். ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று நான் என்றைக்குக் கேட்டேன்? இப்படியா கேட்டுக்கொண்டிருந்தது? பக்கத்து மேஜையில் ஒரு அம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மேல் பொறாமையாக இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். இதுவரை என் எதிரே உட்கார்ந்து என்னைக் கேட்ட அத்தனை பேர் மேலும் பொறாமை வந்தது. அவர்களுக்கெல்லாம் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "மிளகு தூக்கலா இருக்குல்ல?" என்றார் என் வீட்டுக்காரர். இன்னும் சாப்பாடே வரவில்லை.

இடைவேளையில் சின்னவள் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "குறை சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்களே. முகமே சரியில்ல. என்ன, சொல்லுங்க."

"ஒரே ஒரு குறைதான்" என்றேன். "வாசிக்கிறது நானில்ல."

அவள் "ம்" கொட்டவில்லை. "அது என்னோட குறை இல்லக்கா. உங்க வீம்பு. அதைக் கூட்டிக் குறைக்க என்கிட்ட பட்டன் இல்ல" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைக் கடிந்து சொன்ன முதல் வார்த்தை அது. பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. என்னடி சொன்னே என்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் அவளைத் தாண்டி நடந்து மேடைக்கே போய்விட்டேன். இடி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். "ஒரு வார்த்தை பேசினீங்க, பாத்துக்குங்க" என்றேன். மூடிக்கொண்டார்.

"டாக்டர், அடுத்த பாட்டு நான் வாசிக்கட்டுமா?"

இதே ஆட்கள் முன்னால்தான் மாட்டேன் என்று முழங்கினேன். டாக்டர் கிடாரைக் கழற்றி, தன் கைக்குட்டையால் தந்திகளைத் துடைத்து என் தோளில் மாட்டினார். "வாங்க வாங்க. நான் அப்பவே கேக்கணும்னு நெனச்சேன், உங்களைப் பாத்தா பயமா இருந்துச்சு" என்றார். நல்லவராகவும் இருந்து தொலைத்தார்.

இடி நாலு தட்டுத் தட்டினார். நான் ஓங்கி அடித்தேன். பம்மியது, எழும்பியது, என் கைக்குப் பதில் சொன்னது. ஆனால் மேடையில் எங்களுக்கென்று தரையில் வைத்திருந்தது ஒரு குட்டி ஸ்பீக்கர். அதில் சத்தத்தின் எலும்பு மட்டும்தான் கேட்டது, சதையெல்லாம் ஹாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சின்னவள் நான் எழுந்து வந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். பொறாமை தாங்காமல் இன்னும் ஓங்கி அடித்தேன்.